கோலியஸ் வாடுகிறதா, வெளுக்கிறதா, நெட்டையாகப் போகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பல நிற இலைகளுக்காக வளர்க்கும் அழகுச்செடி கோலியஸ். எங்கள் அடுக்ககத்தில் பாதி வீடுகளுக்கு அது போனது என் தொட்டிகளிலிருந்துதான். அதனால் செடிக்கு ஏதாவது ஆனால் புகாரும் என்னிடமே வந்துவிடும். "அண்ணா, நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிப்பார்கள். போய்ப் பார்த்தால் திரும்பத் திரும்ப அதே சில கோளாறுகள்தான். அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் செடிக்கு எது பொருந்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசே செலவாகாத காரணம் முதலில், கைக்காசு போகும் காரணம் கடைசியில்.

## எதற்கும் முன்னால் ஒரு நுனியை வெட்டி வையுங்கள்

கோளாறு எதுவாக இருந்தாலும், செடியில் நன்றாக இருக்கும் ஒரு நுனியை நாலு விரல் நீளத்துக்குக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் வேர் விட்டுவிடும். அப்புறம் தாய்ச்செடியை நிதானமாகச் சோதிக்கலாம். அது பிழைக்காவிட்டாலும் அந்த வகை உங்கள் வீட்டை விட்டுப் போகாது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கோலியஸ் நர்சரியில் 30, 40 ரூபாய்க்குக் கிடைக்கிற செடி. அதற்கு 300 ரூபாய் மருந்து வாங்கி அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கீழே வரும் வைத்தியங்களில் செலவு கூடிக்கொண்டே போகிற கட்டத்தில், செடியைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு நுனியிலிருந்து புதிதாகத் தொடங்குவதுதான் என் கணக்கில் சரி.

ஒரு விதிவிலக்கு உண்டு. செடியில் பூச்சி ஒட்டியிருந்தாலோ, இலை கோணல்மாணலாக முறுக்கியிருந்தாலோ, வெட்டிய நுனியிலும் அது கூடவே வரும். நுனியைக் குழாயடியில் நன்றாகக் கழுவி, இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள்.

## துவண்டு தொங்குகிறது

வருகிற புகாரில் பெரும்பகுதி இதுதான். உடனே தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். முதலில் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். தொட்டியைத் தூக்கியும் பாருங்கள். காய்ந்த தொட்டி கையில் லேசாக வரும், ஈரத் தொட்டி கனக்கும். மேல்மண்ணின் நிறத்தை நம்ப வேண்டாம். தென்னை நார்க்கழிவு கலந்த மண் மேலே காய்ந்தும் உள்ளே சொதசொதவென்றும் இருக்கும்.

### மண் காய்ந்திருக்கிறது

தாகம்தான். அடி ஓட்டை வழியே வடியும்வரை ஊற்றினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும்.

ஊற்றிய தண்ணீர் அடுத்த நொடியே கீழே ஓடிவிட்டதா? கவனியுங்கள். மண் காய்ந்து சுருங்கி, தொட்டியின் ஓரத்தில் இடைவெளி விழுந்திருக்கும். தண்ணீர் அந்த இடைவெளி வழியாக இறங்கிப் போய்விடுகிறது, வேருக்குச் சேரவே இல்லை. ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, தொட்டியை விளிம்புவரை அமுக்கி வையுங்கள். மண்ணிலிருந்து குமிழி வருவது நிற்கும்வரை, அதாவது இருபது முப்பது நிமிடம், உள்ளேயே இருக்கட்டும். பிறகு தூக்கி வடியவிட்டு, ஓரத்து மண்ணை விரலால் அழுத்தி விடுங்கள்.

புதிதாக வாங்கிய செடி தினமும் தண்ணீர் ஊற்றியும் வாடினால், மண்ணைத் தோண்டி வேர் உருண்டையைப் பாருங்கள். நர்சரிப் பையில் பசைமண் கட்டியாக இருந்ததை அப்படியே இறக்கி, சுற்றிலும் பொலபொலப்பான கலவை போட்டிருப்பீர்கள். சுற்றுமண் ஈரமாக இருக்கும், நடுவில் கட்டி மட்டும் செங்கல்லாக இறுகிக் கிடக்கும். செடியின் வேர் எல்லாம் அந்தக் கட்டிக்குள்ளேதான். வாளித் தண்ணீரில் ஊறவைத்து, மண்ணை விரலால் மெதுவாகக் கரைத்து, பாதிக் கட்டியாவது உதிர்ந்த பிறகு மறுபடி நடுங்கள். நட்டதும் நாலைந்து நாள் நிழலில் இருக்கட்டும்.

### மண் ஈரமாக இருக்கிறது, மதியம் மட்டும்தான் துவள்கிறது

சாயங்காலம் ஏழு மணிக்கு ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் செடிக்கு நோய் எதுவும் இல்லை. இலை வெளியேற்றும் நீரை வேரால் அந்த நேரத்தில் ஈடுகட்ட முடியவில்லை, அவ்வளவுதான். இங்கேதான் பலரும் பதறிப்போய் மதியம் ஒரு மக்கு, மாலை ஒரு மக்கு என்று ஊற்றி, இல்லாத நோயை வரவழைத்துக்கொள்கிறார்கள்.

மேற்கு வெயிலிலிருந்து தொட்டியை நகர்த்துங்கள். மொட்டை மாடித் தளத்தில் நேராக வைத்திருந்தால் இரண்டு செங்கல் மேல் ஏற்றுங்கள். கறுப்பு க்ரோ பேக்காக இருந்தால் அதைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணியோ பழைய சாக்கோ கட்டுங்கள். கத்திரி வெயில் காலத்தில் வேர் சூடேறாமல் காப்பதுதான் பாதி வேலை.

### மண் ஈரமாக இருக்கிறது, காலையிலும் நிமிரவில்லை

இது வேரழுகல். தாகத்துக்கு நேர் எதிரான கோளாறு, பார்வைக்கு மட்டும் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். இந்த வரிசையில் பாருங்கள்.

அடித்தட்டில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா? கொட்டிவிட்டுத் தட்டையே எடுத்துவிடுங்கள். அடி ஓட்டை அடைத்திருக்கிறதா? ஒரு குச்சியை விட்டுக் கிளறுங்கள். பூ வேலைப்பாடு செய்த பீங்கான் தொட்டிகளில் பலவற்றுக்கு ஓட்டையே இருக்காது. அதில் கோலியஸை வைத்தால் மழைக்காலம் தாண்டாது. மண்ணைக் கிளறினால் சின்னக் கறுப்புக் கொசு போன்றவை பறக்கின்றனவா? மண் பல நாளாகக் காயவே இல்லை என்று பொருள்.

இதற்கெல்லாம் பிறகும் எழவில்லை என்றால் செடியை உருவி வேரைப் பாருங்கள். வேர் வெள்ளையாக, உறுதியாக இருந்தால் பிழைக்கும். வெளியிலேயே விட்டு ஒரு நாள் மண்ணைக் காற்றாட வைத்து, புதுக் கலவையில் நட்டு, இலைகளில் பாதியைக் குறைத்துவிடுங்கள். வேர் பழுப்பாக இருக்கிறதா? ஒன்றை இரண்டு விரலால் பிடித்து இழுங்கள். மேல்தோல் உறைபோலக் கழன்று கையோடு வர, உள்ளே நூல் மாதிரி ஒரு இழை மட்டும் நின்றால், அந்த வேர் செத்துப் போய்விட்டது. புளித்த வாடையும் வரும். எல்லா வேரும் அப்படித்தான் என்றால் செடிக்காக நேரம் செலவழிக்க வேண்டாம்.

தண்டின் அடி, மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து மெத்தென்று ஆகிவிட்டாலும் அதே முடிவுதான். மேலே இருந்து நுனி வெட்டும்போது வெட்டுவாயைப் பாருங்கள். முழுக்க வெளிர்பச்சையாக இருந்தால் சரி. நடுவிலோ வளையமாகவோ பழுப்பு தெரிந்தால் இன்னும் மேலே வெட்டுங்கள். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். அந்த மண்ணை வேறு தொட்டிக்கு மாற்றிவிடாதீர்கள்.

டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை, பொட்டலமாக வேளாண் கடைகளில் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் அது புது மண்ணில் மக்கிய எருவோடு கலந்து, நோய் வராமல் தடுக்கப் போடுவது. அழுகிவிட்ட வேரை அது திரும்ப முளைக்க வைக்காது. காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து மண்ணில் ஊற்றுவதும் உண்டு. வரிசையாகப் பத்து இருபது தொட்டி வைத்திருந்து, ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தால் மட்டும் அந்தச் செலவுக்குப் போங்கள்.

### வேரில் மணிமணியாக முடிச்சு இருக்கிறது

வேர் அழுகவில்லை, ஆனால் கடுகு முதல் மிளகு அளவுக்கு வீக்கங்கள் வேரோடு வேராகப் புடைத்திருக்கின்றன. செடி வளராமல் குன்றி, நல்ல மண்ணிலும் வாடுகிறது. இது வேர்முடிச்சு நூற்புழு, மண்ணில் வாழும் கண்ணுக்குத் தெரியாத புழு. கோலியஸ் இனத்துக்கே இது பெரிய எதிரி. சேலம் பக்கம் வயலில் பயிராகும் மருந்துக் கூர்க்கன் இதே இனம்தான், அங்கேயும் விவசாயிகளுக்கு முதல் தலைவலி இந்த நூற்புழுதான்.

செடி, வேர், மண் மூன்றையும் தோட்டத்தை விட்டு வெளியேற்றுங்கள். உரக்குழியில் போடாதீர்கள். மண்ணை விட மனமில்லை என்றால், லேசாக ஈரமாக்கி, நிறமில்லாத பிளாஸ்டிக் பையில் மெல்லிய அடுக்காக இட்டுக் கட்டி, ஏப்ரல் மே வெயிலில் மொட்டை மாடியில் நாலு முதல் ஆறு வாரம் போட்டு வையுங்கள். பிறகு 10 அங்குலத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு கலந்து, இரண்டு வாரம் ஆறவிட்டு, முதல் போகமாகச் செண்டுமல்லி வையுங்கள். தொட்டிக்குப் பதில் தரையில் நட்டிருந்து அந்தப் பாத்தி முழுக்க முடிச்சு தெரிந்தால், அது கடைசித் தலைப்பில் சொல்லப்போகும் ஆள்களுக்கான வேலை.

## நிறம் போய்விட்டது

நர்சரியில் ரத்தச் சிவப்பாக இருந்தது, வீட்டுக்கு வந்து ஒரே மாதத்தில் சோகையாகிவிட்டது என்பார்கள். எப்படிப் போனது என்பதைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

### மேல் இலைகள் வெளுத்து, காகிதமாக உலர்கின்றன

வெயில் அதிகம். வெயில் நேராகப் படும் பக்கத்து இலைகளில்தான் வெளுப்பு இருக்கும். ஒன்றின் நிழலில் இன்னொன்று இருந்த இடத்தில் பழைய நிறம் அச்சடித்த மாதிரி தெரியும். அதுவே சோதனை. காலை வெயில் மூன்று நாலு மணி நேரம், பதினோரு மணிக்கு மேல் நிழல் என்ற இடத்துக்கு மாற்றுங்கள். இடமில்லையென்றால் வெயிலில் 50 சதவீதத்தை மறைக்கும் பசுமை வலை போதும். 75 சதவீத வலையைக் கட்டினால் அடுத்த மாதம் 'நெட்டையாகப் போகிறது' தலைப்புக்கு வந்து நிற்பீர்கள்.

மஞ்சளும் வெளிர்பச்சையும் கலந்த வகைகள் பொதுவாக வெயிலுக்குச் சீக்கிரம் கருகும். அடர் மெரூன் வகைகள் கொஞ்சம் தாங்கும். எது தாங்கும் என்று தெரியாவிட்டால் முதல் வாரம் நிழலில் வைத்து, பிறகு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று பழக்குங்கள். கருகிய இலை மறுபடி நிறம் பெறாது. கிள்ளிவிட்டுப் புது இலைக்குக் காத்திருங்கள்.

### வெளுக்கவில்லை, சிவப்பு மறைந்து பச்சையாகிறது

முதல் சந்தேகம் வெளிச்சக் குறைவு. வரவேற்பறை மூலையில், டிவிக்குப் பக்கத்தில் வைத்த கோலியஸ் எல்லாம் இப்படித்தான் ஆகும். பகலில் விளக்கு போடாமல் அந்த இடத்தில் செய்தித்தாளின் பொடி எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்க முடிகிறதா? முடியாவிட்டால் அது கோலியஸுக்கான இடம் இல்லை. ஜன்னலோரம் மாற்றினால் புதிதாக வரும் இலைகளில் இரண்டு மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

வெளிச்சம் நன்றாக இருந்தும் பச்சையாகிறதா? என்ன உரம் போட்டீர்கள் என்று யோசியுங்கள். யூரியா கரைசல், வாரம் தவறாமல் ஊற்றும் கடலைப் பிண்ணாக்குத் தண்ணீர், மீன் அமிலம் எல்லாமே தழைச்சத்து. தக்காளிக்கு ஊற்றுகிற கையோடு இதற்கும் ஊற்றினால் இலை பெரிதாகும், நிறம் போகும். இரண்டு மாதம் நிறுத்துங்கள். மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் இதற்குத் தாராளம்.

### ஒரே ஒரு கிளை மட்டும் வேறு நிறத்தில் வருகிறது

நோய் அல்ல. பல நிறக் கலப்பு வகைகளில் ஒரு கிளை திடீரென்று முழுப் பச்சையாகவோ ஒற்றை நிறமாகவோ திரும்பும். பச்சைக் கிளைக்கு வேகம் அதிகம், விட்டுவைத்தால் செடியையே மூடிவிடும். அது புறப்பட்ட இடத்தோடு வெட்டிவிடுங்கள். பிடித்த நிறமாக இருந்தால் வெட்டியதைத் தனியாக நட்டுக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு லாபம்தான்.

விதையிலிருந்து முளைத்தவை தாயைப் போல வரவில்லை என்ற குறையும் இதோடு சேர்த்துச் சொல்வார்கள். விதை அப்படித்தான். அதே நிறம் வேண்டுமென்றால் தண்டுதான் ஒரே வழி.

### கீழ் இலைகள் மட்டும் மஞ்சளாகி விழுகின்றன

வாரத்துக்கு ஒன்றிரண்டு என்றால் வயசு, விட்டுவிடுங்கள். கொத்தாக என்றால் மண்ணில் ஈரம் தேங்குகிறதா பாருங்கள். இல்லையென்றால் தொட்டி போதவில்லை. அடி ஓட்டை வழியே வேர் எட்டிப் பார்த்தால் ஒரு அளவு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள்.

## நெட்டையாகப் போகிறது, அடியில் இலையே இல்லை

கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் வெளிச்சம் போதவில்லை. இடைவெளி சரியாக இருந்தும் ஒற்றைக் கொம்பாக நிற்கிறது என்றால் நீங்கள் நுனி கிள்ளவில்லை.

கிள்ளுவதற்குப் பலருக்கு மனம் வருவதில்லை. நுனியில் கடைசி இரண்டு ஜோடி இலைகளுக்கு மேலே நகத்தால் கிள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் இலை இடுக்குகளைப் பாருங்கள், அரிசியில் பாதி அளவுக்கு இரண்டு குருத்துகள் ஏற்கெனவே அங்கே காத்திருக்கும். நுனி போனதும் அவை இரண்டும் கிளையாகும். அவற்றில் மூன்று ஜோடி இலை வந்ததும் அவற்றையும் கிள்ளுங்கள். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகும். நாற்று ஆறு அங்குலம் வந்ததுமே ஆரம்பித்துவிட வேண்டும்.

ஏற்கெனவே இரண்டடி வளர்ந்து, தண்டு மரம்போல் முற்றிவிட்டதா? பாதியாக வெட்டலாம். ஆனால் வெட்டும் இடத்துக்குக் கீழே இரண்டு கணுவிலாவது பச்சைக் குருத்து தெரிய வேண்டும். எதுவுமே தெரியாத மொட்டைத் தண்டை வெட்டினால் பல நேரம் அப்படியே காய்ந்துவிடும். அந்த நிலையில் மேல் நுனிகள் நாலைந்தை ஒரே தொட்டியில் சேர்த்து நடுங்கள், இரண்டு மாதத்தில் புதராகிவிடும். பழையதை விட்டுவிடுங்கள். எந்தக் கோலியஸும் இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் அழகாக இருந்து நான் பார்த்ததில்லை.

பூக்கதிர் வந்தாலும் இதே வைத்தியம்தான். ஊதாக் கதிர் நீண்டதும் செடி இலை விடுவதைக் குறைத்துக்கொள்ளும். கதிர் விரல் நீளம் வருவதற்குள் அடியோடு கிள்ளிவிடுங்கள். தேனீக்காக ஒரு செடியை மட்டும் பூக்க விட்டுவைப்பது உங்கள் விருப்பம்.

## இலை ஓரம் பழுப்பாகக் கருகுகிறது

இலையின் நடுப்பகுதி நன்றாக இருக்கிறது, விளிம்பு மட்டும் கருகிச் சுருள்கிறது. தொட்டியின் விளிம்பையும் மேல்மண்ணையும் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பு.

என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? சென்னைப் பக்கம் நான் கேட்டால் பாதிப் பேர் சொல்லும் பதில் "ஆர்ஓ மெஷின்ல இருந்து வர்ற வேஸ்ட் தண்ணி". தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் நல்ல தண்ணீரிலிருந்து பிரித்த உப்பையெல்லாம் சுமந்து வெளியே வருவது அந்தத் தண்ணீர். போர் தண்ணீரைவிடக் கடினம். அதை வாசல் கழுவ, கழிவறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இதற்கு நேர்மாறு. அதில் உப்பு ஏறக்குறைய இல்லை, தாராளமாக ஊற்றலாம்.

ஏறிய உப்பை இறக்க, தொட்டி கொள்ளளவைப்போல் மூன்று நாலு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடிவழியே ஓடவிடுங்கள். மழை பெய்தால் தொட்டியை ஒரு மணி நேரம் வெளியே வைத்தாலே போதும். புதிதாகக் கலந்த மண்ணில் உடனே கருகல் வந்தால், நார்க்கழிவுக் கட்டியைக் கழுவாமல் போட்டிருப்பீர்கள். இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகுதான் அதைக் கலக்க வேண்டும். நேற்று ரசாயன உரம் போட்டு இன்று கருகினால் அதற்கு விசாரணையே தேவையில்லை, அதே முறையில் கழுவுங்கள்.

## இலையில் ஓட்டை

காலையில் வெள்ளிக் கோடாகப் பளபளக்கும் தடம் இருந்தால் நத்தை. இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச்சோடு போனால் கையும் களவுமாகப் பிடிக்கலாம். வெறும் கையால் எடுக்காதீர்கள், பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் ஒட்டுண்ணிகளைச் சுமக்கும். ஈரச் சாக்கை மடித்துப் போட்டு, உள்ளே முட்டைக்கோஸ் இலை வைத்தால் விடிவதற்குள் அதில் வந்து கூடியிருக்கும். நத்தைமேல் உப்பைத் தூவுகிறேன் என்று தொட்டிக்குள் தூவிவிடாதீர்கள்.

தடம் இல்லை, இலைமேல் கறுப்பாகக் கடுகு போல எச்சம் கிடந்தால் புழு. இலையைத் திருப்பிப் பார்த்து எடுத்துப் போடுங்கள். மருந்து தேவையில்லை.

## வெள்ளைப் பஞ்சு, பிசுபிசுப்பு, எறும்பு வரிசை

மாவுப்பூச்சி. இலை இடுக்கிலும் தண்டின் மூட்டிலும் பஞ்சு ஒட்டிய மாதிரி இருக்கும். எறும்பு ஏறி இறங்கினால், பஞ்சு கண்ணில் படாவிட்டாலும் தேடுங்கள், எங்காவது இருக்கும்.

ஐந்தாறு இடத்தில்தான் என்றால் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுத் துடையுங்கள். நாலு நாளுக்கு ஒருமுறை, மூன்று முறை செய்ய வேண்டும். முட்டையிலிருந்து புதிதாக வருவது முதல் சுற்றில் தப்பிவிடும். நீர்த்தட்டின் நடுவில், தொட்டியின் அடி தண்ணீரில் படாதபடி உயர்த்தி வைத்தோ வேறு வழியிலோ எறும்பை நிறுத்தாவிட்டால் இந்த வேலையெல்லாம் வீண்.

பரவலாக இருந்தால், அதிகம் மொய்த்த கிளைகளை வெட்டிக் கட்டி எறிந்துவிட்டு, மீதிக்கு வேப்ப எண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கலப்பதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல். சூரியன் இறங்கிய பிறகுதான் அடிக்க வேண்டும். கோலியஸ் இலை மெல்லியது. எண்ணெயும் சோப்பும் சில வகைகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் இலையே கருகும். முதலில் இரண்டு இலையில் அடித்து, இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள்.

துடைத்தும் அடித்தும் மறுபடி மறுபடி வருகிறதா? செடியை உருவி வேரைப் பாருங்கள். வேரிலும் தொட்டியின் உள்சுவரிலும் வெள்ளை மாவு படிந்திருந்தால் வேர் மாவுப்பூச்சி. மண்ணோடு அகற்றுங்கள். நுனி எடுத்துக்கொள்ளலாம்.

இலையைத் தட்டினால் வெள்ளையாகக் குட்டிப் பூச்சிகள் பறந்தால் அது வெள்ளை ஈ. மஞ்சள் ஒட்டும் அட்டையைச் செடி உயரத்துக்குத் தொங்கவிட்டு, வேப்ப எண்ணெயை இலையின் அடிப்பக்கத்தில் படும்படி அடியுங்கள்.

## இலையில் ஊசி குத்தியது போலப் புள்ளிகள்

கோடையில் வரும். இலை மங்கி, தூசி படிந்த மாதிரி ஆகும். ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கீழே பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில புள்ளிகள் நகர்ந்தால் சிலந்திப்பேன். விரலால் தேய்த்தால் கோடு விழும். தினமும் காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், ஒரு வாரம் தொடர்ந்து. பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும். இலைகளுக்கிடையே வலை பின்னிவிட்ட செடியை மட்டும் அப்புறப்படுத்துங்கள்.

## மழைக்காலத்தில் இலை கொட்டுகிறது

ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாமல் பெய்யும்போது நல்ல செடி திடீரென்று இலையை உதிர்க்கும். உதிர்ந்த இலையை அதிகாலையில், காய்வதற்கு முன் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் சாம்பல் நிறப் பூஞ்சை படலமாகவும், மேலே கோணலான பழுப்புத் திட்டாகவும் இருந்தால் அடிச்சாம்பல் நோய். இதன் உறவு நோய் ஒன்று திருநீற்றுப்பச்சிலையையும் தாக்கும், பக்கத்தில் இருந்தால் அதையும் சோதியுங்கள்.

பாதித்த கிளைகளை உலர்ந்த நேரத்தில் வெட்டி, பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். தொட்டிகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தண்ணீரை மண்ணில் மட்டும், காலையில் மட்டும் ஊற்றுங்கள். இந்த மூன்றையும் செய்து பத்து நாளில் நிற்காவிட்டால் செடியை எடுத்துவிடுவேன் நான். ஒற்றைத் தொட்டிக்குப் பூஞ்சைக்கொல்லி வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பூஞ்சை இல்லை, ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் மார்கழிக் குளிரில் கொட்டுகிறது என்றால் குளிர்தான் காரணம். வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போனால் கோலியஸ் தாங்காது, உறைபனி ஒரே இரவில் கறுக்க வைத்துவிடும். வீட்டுக்குள் எடுத்து வையுங்கள், தண்ணீரைக் குறையுங்கள்.

## வெட்டி வைத்த நுனி அழுகுகிறது

தண்ணீருக்குள் இலை மூழ்கியிருக்கும், அல்லது தண்ணீரை மாற்றவே இல்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பூ வைத்த தண்டை எடுக்காதீர்கள். வேர் ஒரு அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள், அதற்கு மேல் தண்ணீரில் விட்டால் மண்ணில் பிடிக்கச் சிரமப்படும்.

## எப்போது ஆளைக் கேட்பது

ஒரு தொட்டிக் கோலியஸுக்காக யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. மூன்று சந்தர்ப்பங்களில் மட்டும் கேளுங்கள். தரையில் நட்ட பாத்தியில் வேர்முடிச்சு பரவிவிட்டது. ஒரே வாரத்தில் பல வகைச் செடிகள், கோலியஸ் மட்டுமல்லாமல் துளசி, தக்காளி எல்லாம் சேர்ந்து வாடுகின்றன. புது இலைகள் முறுக்கி, வளையம் வளையமாகத் திட்டு விழுந்து, பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. கடைசியாகச் சொன்னது வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது, உறுதி செய்துகொண்டு அகற்றத்தான் வேண்டும்.

முதலில் கட்டணமில்லாத கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551. தமிழிலேயே பேசலாம். நேரில் என்றால் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம் அல்லது வட்டாரத் தோட்டக்கலை அலுவலகம். பக்கத்து உரக்கடையில் "ஏதாவது நல்ல மருந்தா குடுங்க" என்று கேட்பதை நான் இந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன். அப்படி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் டப்பாவில் இருக்கும் முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பும் மஞ்சளும் கடும் நஞ்சு, குழந்தைகள் நடமாடும் பால்கனிக்கு வேண்டவே வேண்டாம்.

போகும்போது உதிர்ந்த இலை ஒன்றை மட்டும் கொண்டுபோனால் அவர்களால் எதுவும் சொல்ல முடியாது. பாதித்தும் பாதிக்காமலும் இருக்கும் ஒரு முழுக் கிளை, வேரோடு உருவிய ஒரு செடி, வேரடி மண் ஒரு கைப்பிடி, இவ்வளவும் வேண்டும். இலைகளைச் செய்தித்தாளில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொண்டுபோனால் வழியிலேயே வெந்து, எல்லாமே அழுகல் நோயாகத்தான் தெரியும். செடி நின்ற இடத்தையும் தண்ணீர் ஊற்றும் குழாயையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே முதலில் கேட்பதும் அதைத்தான்.